கயிறு மட்டும் எங்கள் வீட்டில் தங்கியது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன கை இது. மறதியும் வந்துவிட்டது, முன்னே நடந்ததைப் பின்னே சொன்னாலும் சொல்லிவிடுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசின பழக்கம் எனக்குக் கிடையாது, இந்த வயதிலும் கிடையாது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

யுத்த காலம் அது. வெள்ளைக்காரன் இருந்தான். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காக இடம் எடுத்துக் கொட்டகை கொட்டகையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பாரிவாக்கத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அதுவரை ஏர் ஓட்டியவர். பட்டாளத்துக் கட்டடத்துக்குச் செங்கல் போட்டால் கையில் நாலு காசு நிற்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நிலத்தை ஈடு வைத்தது போதாமல் பூந்தமல்லியில் வட்டிக்கும் வாங்கிச் சூளை போட்டார். அறுத்துக் காயப்போட்ட பச்சைக் கல் வரிசை வரிசையாக நின்ற சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பருவத்து மழை இல்லை, சும்மா வந்த மழை. தென்னங்கீற்று, பனை ஓலை, என் புடவை கூட எடுத்துப் போட்டு மூடினோம். மழை விட்டபோது கல் இருந்த இடத்தில் முழங்கால் சேறு. அதில் நின்றுகொண்டு அவர் ஒரு கல்லைக் கையில் எடுத்தார், அது மாவு மாதிரி விரல் இடுக்கில் வழிந்தது. அன்றைக்குப் போய் மூலையில் படுத்தவர்தான்.

கடன்காரர்கள் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரே அண்ணன். ஆவடிக்கு அந்தப் பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் குடியிருந்தான். பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எங்கள் பக்கத்தில் கோர்ட்டு விவகாரம் என்றால் அவனைத்தான் தேடி வருவார்கள். அவன்தான் வந்து வழி சொன்னான்.

"ஐ.பி. போட்டுடு மச்சான். மஞ்சக் கடுதாசி குடுத்துட்டா ஒரு பய வாசல்ல வந்து நிக்க முடியாது."

கடன் தீர்க்க எனக்கு வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதற்குத்தான் அந்தப் பேர். கொடுத்துவிட்டால் ரிசீவர் என்று ஒரு அதிகாரி வருவார். நமக்கு இருப்பதை எல்லாம் தன் பொறுப்பில் எடுத்து, ஏலம் விட்டு, கடன்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார். அதற்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிப்பார். என்ன இருக்கிறது, எதை எங்கே ஒளித்தாய் என்று.

"உன்னையும் கூப்புடுவாங்க தங்கச்சி" என்றான் அண்ணன்.

"என்னையா? எதுக்கு?"

"மாடு கீதே."

எங்கள் வீட்டில் மாடு மட்டும்தான் அப்போது மிச்சம். எனக்குப் பிறந்த வீடு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். கல்யாணத்தின்போது என் அம்மா ஒரு மயிலைப் பசுவைச் சீராகக் கொடுத்து அனுப்பினாள். நான் வண்டியில் வந்தேன், மாடு வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தது. அது ஈன்றது ஒரு செவலை. செவலைக்கு ஒரு கிடேரிக் கன்று. பூந்தமல்லி காப்பிக் கிளப்புக்குப் பால் ஊற்றித்தான் அந்த வருஷம் முழுக்க எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உலை கொதித்தது. அம்மா அதற்குள் செத்துப்போயிருந்தாள். ஆகவே மாடு எனக்கு மாடு மட்டும் இல்லை. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அது அம்மா குடுத்ததாச்சேண்ணா. அப்டின்னு சொல்லக்கூடாதா?"

"வாயத் தொறந்து சொல்லிடாத. புருசன் ஊட்ல நின்னா புருசன் மாடு. சட்டம் அதான். ஒரே வரி எழுதி ஏலத்துல தள்ளிடுவான். எத்தினி கேசு பாத்துகீறேன் நானு."

அவன் போட்ட திட்டம் இது. மாட்டை மூன்றையும் அவன் வீட்டில் கொண்டுபோய்க் கட்டிக்கொள்வான். நான் விசாரணையில், அண்ணனுக்கு விற்றுவிட்டேன், விற்ற பணம் வயிற்றுக்குச் செலவாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். எல்லாம் அடங்கினதும் மாடு திரும்பி வரும்.

எனக்கு மாட்டைவிட விசாரணைதான் பயமாக இருந்தது. அந்நிய ஆம்பிளை வாசலில் வந்து ஏதாவது கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறவள் நான். எனக்குப் பேசப் பழக்க, கோர்ட்டு லீவு நாளில் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு மணைப்பலகையில் உட்கார்ந்து அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"ரிசீவர் தொர வந்துகீறாரு, எல்லாம் எழுந்து நில்லுங்கோ" என்று அண்ணி சிரித்தாள்.

"ஏம்மே, உம் பேரு இன்னா?"

சொன்னேன்.

"இன்னாது? கொசு கத்தற மாதிரி கீது. சத்தமா சொல்லு. புருசன் பேரு இன்னா?"

தாலி கட்டினதிலிருந்து அந்தப் பேரை நான் சொன்னதில்லை.

"சாமி பேருதான்னு சொன்னா போதாதாண்ணா?"

"சாமிக்கு ஆயிரம் பேரு கீது. எந்தச் சாமி கடன் வாங்கிச்சின்னு கேப்பான், இன்னா சொல்லுவே?"

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் படுத்துக் கிடந்த என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பினபடியே, "சொல்லிடும்மே. மானமே போயிட்ச்சி, பேரு போனா இன்னா இப்போ" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசியில் அந்தப் பேரை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்பங்கரையில் போய் அழுதேன். இப்போது யோசித்தால், என் பயம் எல்லாம் அந்த ஒரு பேரிலேயே செலவாகிவிட்டது. மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நான் யோசிக்கவே இல்லை. பாடம் மாதிரி மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். விடியற்காலையில் பால் கறக்கும்போது மயிலையின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, "மாட்ட வித்துட்டேங்க, எங்கண்ணனுக்கு வித்துட்டேங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

அண்ணன் மாட்டை ஓட்டிப்போக வந்த அன்று தோளில் புதுக் கயிறு போட்டுக்கொண்டு வந்தான்.

இதை விவரமாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொண்டு போவான். பழைய கயிறு விற்றவர் வீட்டிலேயே தங்கும். மாட்டோடு லட்சுமியும் போய்விடக்கூடாது என்று அப்படிச் செய்வது. பார்த்துக்கொள் என்று சொந்தக்காரர் வீட்டில் விடுகிற மாடு அப்படி இல்லை. அது தன் கயிற்றோடு போகும், தன் கயிற்றோடு திரும்பி வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

அண்ணன் மூன்று மாட்டின் கழுத்திலும் இருந்த கயிற்றை அவிழ்த்துக் கட்டுத்தறியில் தொங்கவிட்டான். தான் கொண்டுவந்ததைக் கட்டினான்.

"கயித்த ஏண்ணா அவுக்கறே? அத்தோடவே ஓட்டிக்கினு போயேன்."

"அமீனா வந்து பாப்பான்ல. கயிறு இங்க தொங்கினாத்தான் வித்த மாடுன்னு நம்புவான்."

எவ்வளவு யோசித்துச் செய்கிறான் என்று நினைத்தேன். வெறும் நினைப்பு இல்லை, பெருமையாகவே நினைத்தேன். என் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார். கட்டுத்தறியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். கிடேரி போக மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது; நான்தான் பின்னால் தட்டி அனுப்பிவைத்தேன்.

கோர்ட்டிலிருந்து அமீனா வந்தார். பாத்திரம், பண்டம், கலப்பை எல்லாம் எழுதிக்கொண்டார். கயிற்றையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

விசாரணைக்குப் பூந்தமல்லியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு அண்ணனே கூட்டிப்போனான். என் வீட்டுக்காரரை முன்பே விசாரித்து முடித்திருந்தார்கள். வெராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. அண்ணன் அங்கேயே நின்றுகொண்டான். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே போன பிறகும் அவன் எனக்குத் தெரிந்தான்.

ரிசீவர் வயசானவர். மூக்குக் கண்ணாடி. நான் எப்படி எப்படியோ நினைத்து நடுங்கிக்கொண்டு போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "உட்காரும்மா" என்றார்.

அண்ணன் சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை. அவன் ரிசீவராக உட்கார்ந்திருந்தபோது ஒரு தரம்கூட என்னை உட்காரச் சொல்லவில்லை. எனக்கு என்ன செய்வதென்று புரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். "பரவாயில்லை, உட்கார்" என்று மறுபடியும் சொன்னார். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். பிறகு அவரே என் வீட்டுக்காரர் பேரைப் படித்து, "இவர் சம்சாரம்தானே நீ?" என்றார். நான் தலையை ஆட்டினேன். முடிந்தது. அத்தனை அழுது பழகின பேரை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"வீட்டில் பசு மாடு இருந்ததாமே?"

"இருந்துச்சிங்க. எங்கண்ணனுக்கு வித்துட்டேங்க. துட்டு வயித்துக்கு செலவாயிட்ச்சிங்க."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கூலிக்கு மாரடிக்கிறவள் மாதிரி அது என் காதுக்கே கேட்டது.

"யார் வாங்கின மாடு? உன் புருஷன் வாங்கினதா?"

இந்தக் கேள்வியை அண்ணன் கேட்டுப் பழக்கவில்லை. எனக்கு வேறு பதில் தெரியவில்லை. "எங்கம்மா குடுத்துதுங்க. கண்ணாலத்துல" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தாய் வீட்டுச் சீரா? அப்படியானால் அது உன் சொத்தும்மா. அவன் கடனுக்கு அதைத் தொட எனக்கு அதிகாரம் கிடையாது. எங்கே கட்டியிருந்தாலும் உன்னுதுதான். உனக்கு யாராவது பயங்காட்டி வைத்திருந்தால் சொல்லு. நிஜமாகவே விற்றுவிட்டாயா? யோசித்துச் சொல்லு."

நான் யோசிக்கவில்லை. வெராந்தாவைப் பார்த்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டினான். மாட்டிக்கொள்ளாதே என்று சொல்கிறான், என்னைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தேன். எதிரே இருக்கிறவர் அந்நிய ஆம்பிளை. அங்கே நிற்கிறவன் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"வித்துட்டேங்க" என்றேன்.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, "கயிறு ஊட்லயே கீதுன்னு அமீனா சொல்லிகீறாரு சார். வித்ததுதான்" என்றார். ரிசீவர் என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதினார்.

திரும்பி வரும்போது அண்ணனிடம் கேட்டேன்.

"அம்மா குடுத்தத தொட மாட்டாங்களாமேண்ணா?"

"அப்டித்தான் தேனாப் பேசுவானுங்கோ. ஆமா, ஒளிச்சித்தான் வெச்சிகீறேன்னு உன் வாயால வந்துட்ச்சின்னா மச்சான ஜெயில்ல தள்ளிடுவான். நல்ல வேள, நீ கெட்டிக்காரி தங்கச்சி. இன்னா சொல்லு, நம்ம ரத்தம்ல."

கெட்டிக்காரி என்று அதற்கு முன் என்னை யாரும் சொன்னதில்லை. வீடு வந்து சேர்கிறவரை அந்தச் சொல் எனக்கு இனித்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மாடு போனதுகூட அப்புறம்தான்.

சூளை இடம், நிலம் எல்லாம் ஏலத்தில் போயின. வீடு ஒரு பங்காளி பேரில் இருந்ததால் தப்பியது. கோர்ட்டு வேலை முடிந்துவிட்டது, இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்று அண்ணனே சொல்லி அனுப்பினான். ஆனால் மாடு வரவில்லை. பார்த்தேன், பார்த்தேன், ஒரு நாள் காலையில் மூன்று பழைய கயிற்றையும் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்கு நடந்தேன். வழியில் கூட நடந்த பெண்கள், "இன்னாக்கா, கயித்த எடுத்துக்கினு எங்க போறே?" என்று கேலி செய்தார்கள். "என் மாட்ட இட்டார" என்றேன்.

அண்ணன் வீட்டுப் பக்கத்தில் நான் முன்பு பார்க்காத ஒரு கொட்டகை. ஊன்றிய கம்பு மழையிலும் வெயிலிலும் கறுத்திருந்தது. நேற்று முந்தாநாள் போட்டது இல்லை. எங்கள் மாடு வருவதற்கு முன்பே போட்ட கொட்டகை மாதிரித்தான் எனக்குப் பட்டது. தொட்டி கட்டி, தீவனம் கரைத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தது. பட்டாளத்து முகாமுக்குப் பால் ஊற்றுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் குரலைக் கேட்டு மயிலை தலையைத் தூக்கியது. நான் போய் அதன் கழுத்தைத் தொட்டேன்.

அண்ணி சாணிக் கையோடு வந்தாள். "வாம்மா. இன்னா, காலங்காத்தாலே?"

"மாட்ட ஓட்டிக்கினு போலாம்னு வந்தேன் அண்ணி."

"எந்த மாட்ட?"

நான் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கைய நீட்டி சத்தியம் பண்ட்டு வந்தியே, வித்துட்டேன்னு. இப்ப இன்னா கயித்த எடுத்துக்கினு வந்துகீறே? கயிறு உன் கையில கீதுன்னா மாடு யாருதுன்னு ஊருக்கே தெரியுமே."

கிணற்றடியில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "கயிறு அவங்க ஊட்லயா தங்கிச்சி? அப்ப வித்ததுதாம்மா" என்றாள். அவள்மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அண்ணன் வெளியே வந்தான். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

"நா குடுக்க மாட்டேன்னு சொல்லல தங்கச்சி. குடுத்தா உனக்குத்தான் கெடுதி. வித்துட்டேன்னு சத்தியம் பண்ண மாடு உன் ஊட்ல நின்னா, கடன்காரன் போயி எழுதிப் போடுவான். பொய்ச் சத்தியத்துக்கு ஜெயிலு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். புள்ளைங்களுக்குப் பால் வோணும்னா சொல்லு, ஒரு சொம்பு குடுத்தனுப்பறேன்."

என் மாட்டுப் பால். ஒரு சொம்பு.

எவ்வளவோ கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம், தெருவில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. ரிசீவர் முன்னால் சத்தமாகப் பேச என்னைப் பழக்கினவன் அவன், அவன் முன்னால் பேச யாரும் பழக்கவில்லை. கயிற்றை மறுபடியும் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். கிடேரி மட்டும் கத்தியது. மயிலை தொட்டியில் வாய் வைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் ஆச்சரியப்படவில்லை.

"கயித்த அவுத்தான் பாரு, அப்பவே எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் வாயத் தொறக்கலியே!"

"உங்கண்ணனாச்சே. ஐ.பி. குடுத்தவன் பேச்ச நீ கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். அது உண்மை. ஆனாலும் அவர் சொல்லியிருக்கலாம். நான் தட்டித் தட்டி அந்தக் கிடேரியை வெளியே ஓட்டினபோது வாசலில்தானே நின்றார். அவரிடம் எனக்கு அந்த மனத்தாங்கல் கடைசிவரை இருந்தது. அவரும் போய்விட்டார்.

மூன்று கயிற்றில் ஒன்றைக் கிணற்றுக் குடத்துக்குக் கட்டினேன். அறுந்துபோகிறவரை அதில்தான் தண்ணீர் இறைத்தேன். மற்ற இரண்டும் என்ன ஆயின என்று நினைவில்லை. அண்ணன் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்தான், தாய்மாமன் சீர் செய்தான், புடவை எடுத்துக் கொடுத்தான். வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சாகக் கிடந்தபோது பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லப்போகிறான் என்று குனிந்தேன். தண்ணீர் கேட்டான்.

படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொன்னால் புண்ணியமாக இருக்கும். அந்த ரிசீவர் விசாரித்தது பூந்தமல்லியிலேயேதான் என்பது என் நினைவு. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதெல்லாம் தெரியாது, அது தப்பாக இருந்தாலும் குற்றமில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் காலத்துச் சட்டத்தில், அம்மா கொடுத்த மாட்டைப் புருஷன் கடனுக்கு ஏலம் விட முடியுமா, முடியாதா? முடியும் என்றால் அண்ணன் முதலில் பயந்துதான் மாட்டை ஓட்டிப்போனான், பிற்பாடுதான் மனசு கெட்டது என்று வைத்துக்கொள்வேன். ரிசீவர் சொன்னதுதான் சட்டம் என்றால், அத்தனை வருஷம் வக்கீலிடம் இருந்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. மணைப்பலகையில் உட்கார்ந்து துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு எங்களைச் சிரிக்கவைத்தானே, அப்போதே தெரியும் என்று ஆகிறது. பழைய சட்டப் புத்தகத்தைப் பார்த்து யாராவது எனக்குச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.